தொட்டி, பிரஸ், பெர்மிட்: பணியிடப் பாதுகாப்பு கேள்வி பதில்

கோவை, திருப்பூர் பக்கம் 22 வருடமாக சேஃப்டி ஆபீசர் வேலை. சாயப்பட்டறை, பிரஸ் ஷாப் (இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி வெட்டும் பட்டறை), ஃபவுண்டரி மூன்றும் எனக்குப் பழக்கம். அதைத் தாண்டிக் கேட்டால் தெரிந்தவர்களிடம் அனுப்பிவிடுவேன். கேளுங்கள்.

கேள்வி (சாயப்பட்டறை சூப்பர்வைசர்): எங்கள் கழிவுநீர்த் தொட்டி 10 அடி ஆழம். மாதம் ஒரு தடவை ஆள் இறங்கிச் சேறு அள்ளுவார். மூடியைத் திறந்து அரை மணி நேரம் விட்டு, வாடை போனதும் இறக்குகிறோம். இது போதும்தானே சார்?

பதில்: போதாது. தயவுசெய்து அடுத்த தடவை யாரையும் இறக்குவதற்கு முன் இதை முழுதாகப் படியுங்கள். சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போதுதான் அழுகின முட்டை மாதிரி நாறும். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) பக்கம் போனால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும், வாடையே தெரியாது. வாயு போனாலும் வாடை இருக்காது, மூக்கு மரத்தாலும் வாடை இருக்காது. எது என்று மேலே நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? அதுவும் காற்றைவிடக் கனமான வாயு, அடியிலேயே தங்கும், சேற்றில் கால் வைத்துக் கிளறும்போதுதான் குபுக்கென்று கிளம்பும். மூக்கை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள். சிலர் விளக்கை இறக்கிப் பார்க்கிறார்கள், அது இன்னும் மோசம். மீத்தேன் காற்றில் 5 சதவீதம் கலந்திருந்தாலே அந்த விளக்கு தொட்டியை வெடிக்க வைத்துவிடும்.

முதலில் ஆள் இறங்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். சேற்றை உறிஞ்சும் பம்பு, மேலிருந்தே அடிக்கும் ஜெட் தண்ணீர், இவற்றிலேயே பாதிக்கு மேல் முடிந்துவிடும். இறங்கியே ஆக வேண்டும் என்றால் நாலு வாயு காட்டும் மீட்டரின் குழாயை மேல், நடு, அடி மூன்று இடத்திலும் விட்டு அளக்க வேண்டும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே காட்டினால் இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும் நேரம் முழுக்க புளோயரும் ஓடணும், மீட்டரும் அவர் உடம்பில் இருக்கணும். உடம்பில் பெல்ட், மேலே மூன்று கால் ஸ்டாண்டும் இழுக்கும் கயிறும், கயிற்றருகே ஒருவர். அந்த ஒருவருக்கு ஒரே வேலை: நகரக் கூடாது, உள்ளே இறங்கவும் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பட்டறையில் ஒருவர் உள்ளே விழுந்த பக்கெட்டை எடுக்க இறங்கிச் சுருண்டார். அவருடைய தம்பி அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் இறங்கினான். இரண்டு பேருமே திரும்பி வரவில்லை. பெல்ட் வாங்கி வைத்திருந்தார்கள். பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் ஸ்டோர் ரூம் பீரோவில் இருந்தது, சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

கேள்வி: நெபோஷ் (பிரிட்டன் சேஃப்டி சான்றிதழ்) படிக்கலாமா, சேஃப்டி டிப்ளமோ படிக்கலாமா? வளைகுடாவில் எது எடுபடும்?

பதில்: அங்கே வேலை பார்க்கிறவர்களைக் கேளுங்கள் தம்பி, நான் போனதில்லை.

கேள்வி (மெயின்டனன்ஸ் இன்ஜினியர்): பெர்மிட் புத்தகம் (ஆபத்தான வேலைக்கு முன் எழுதித் தரும் அனுமதி) வெறும் கையெழுத்து நோட்டாகிவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை, 1988 ஜூலை 6, 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெர்மிட்டும் இருந்தது. ஆனால் வால்வு இல்லை என்ற விஷயம் இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்பு நின்றதும் இதை ஓட்டினார்கள், அவ்வளவுதான், கசிந்து வெடித்தது. அதனால் பெர்மிட்டில் ஆபீஸ் மேசையில் கையெழுத்துப் போடாதீர்கள், வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் போடுங்கள். ஷிஃப்ட் மாறும்போது முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஸ்விட்சில் பூட்டுப் போடுங்கள், சாவி வேலை செய்கிறவர் பாக்கெட்டில் இருக்கட்டும்.

கேள்வி (பிரஸ் ஷாப் உரிமையாளர்): இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்று செலவு செய்து மாட்டினேன். ஆபரேட்டர் ஒரு பட்டனில் குச்சியைச் செருகிவிட்டு ஒரு கையால் ஓட்டுகிறார். 88 சதவீத விபத்து தொழிலாளி அலட்சியத்தால்தான் என்று பயிற்சி வகுப்பிலேயே சொன்னார்களே?

பதில்: அந்த 88, 1931-ல் ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்கர் சொன்னது. அவர் காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவர்; காப்பீட்டுக் கோப்புகளையும் முதலாளிகளின் பதிவேடுகளையும் வைத்துப் போட்ட கணக்கு அது. விரல் போனவர் சொன்னதை அதில் யார் எழுதினார்கள்? உங்கள் ஆபரேட்டர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். நான் ஒரு இடத்தில் நின்றேன். பட்டன்கள் தோளுக்கு மேல் இருந்தன, ஒவ்வொரு பீஸுக்கும் இரண்டு கையையும் தூக்கணும், கூலியோ பீஸ் கணக்கு. மதியத்துக்குள் அவர் தோள் வலியில் துவண்டுபோனார். பட்டனை இடுப்பு உயரத்துக்கு இறக்கினோம், குச்சி தானாகவே போய்விட்டது.

அதே உரிமையாளர்: அப்படியானால் ஒழுங்கு நடவடிக்கையே வேண்டாமா சார்? நான் மட்டும்தான் குற்றவாளியா?

ஒரு ஆபரேட்டர்: எங்கள் கம்பெனியில் மெஷின் கார்டை (கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பை) கழற்றச் சொன்னதே ஃபோர்மேன்தான் அண்ணா. அடிபட்டதும் 'அலட்சியம்' என்று எழுதிவிட்டார்கள்.

பதில்: இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். செல்போன் பேசிக்கொண்டே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரைக் கண்டிக்கத்தான் வேண்டும், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் கார்டைக் கழற்றினால் உற்பத்தி கூடுகிறது, அதைப் பார்த்தும் எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள் என்றால் அதுதான் அங்கே உண்மையான விதி, சுவரில் ஒட்டியிருப்பது விதி இல்லை. மனிதன் தப்பு செய்வான், பத்தாவது மணி நேரத்தில் நிச்சயம் செய்வான். அந்தத் தப்புக்கு அவன் விரலைக் கொடுக்காதபடி மெஷினை அமைப்பது உங்கள் பொறுப்பு ஐயா. எலெக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்: இரண்டு பட்டனும் அரை நொடிக்குள் சேர்ந்து அழுந்தணும், ஒவ்வொரு அடிக்கும் இரண்டையும் விட்டு மறுபடி அழுத்தணும். அப்படி மாட்டினால் குச்சி செருகின மறு அடியே பிரஸ் நின்றுவிடும்.

உரிமையாளர்: சரி, அதை மாற்றுகிறேன். பீஸ் ரேட் விஷயத்தை யோசிக்கணும்.

பதில்: யோசியுங்கள். ஆபரேட்டரையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: கட்டடச் சாரம் எத்தனை அடிக்கு ஒரு கட்டு?

பதில்: என் துறை இல்லை. சாரம் பரிசோதிக்கிறவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்களுடையது புதுசாகக் கட்டின தண்ணீர் சம்ப். சாக்கடை இல்லை. சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். மூடியே கிடந்த சம்பில் ஈரப் பலகை மட்கி ஆக்சிஜனைத் தின்றிருக்கும். வாடையும் வராது, மூச்சும் முட்டாது, கால் தள்ளாடி அப்படியே விழுவார். அளக்காமல் இறங்கக் கூடாது.

கேள்வி: பாழுங்கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்க?

பதில்: மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்: அளந்துவிட்டு. உள்ளே டீசல் இன்ஜின் ஓட்டவே ஓட்டாதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

கேள்வி (முதலில் கேட்ட சூப்பர்வைசர்): முதலாளியிடம் காட்டினேன், மீட்டர் வாங்கச் சம்மதித்துவிட்டார். ஸ்டோரில் என்ட்ரி போட்டு வைக்கணுமா?

பதில்: என்ட்ரி போடுங்கள், ஆனால் ஸ்டோரில் வைத்துப் பூட்டாதீர்கள். தொட்டிக்குப் பக்கத்து ஷெட்டில், மழை படாத சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள், பெல்ட்டும் கயிறும் அதன் பக்கத்திலேயே. சார்ஜர் அங்கேயே இருக்கட்டும். சென்சார் செத்துப்போனால் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும், ஆகவே ஒவ்வொரு தடவையும் இறக்குவதற்கு முன் சோதனை வாயுவைக் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள்.