மக்தலேனா ஆற்றின் நீர்யானைகள்: கேள்வி பதில்

(கொலம்பியாவில் பெருகிவிட்ட ஆப்பிரிக்க நீர்யானைகள் பற்றி வாசகர்கள் கேட்டவை.)

கே: நாலே நாலு உருப்படி எப்படி சார் இத்தனை ஆச்சு?

ப: போதைப்பொருள் கடத்தல்காரர் பாப்லோ எஸ்கோபார் 1980-களின் தொடக்கத்தில் தன் பண்ணைக்கு ஓர் ஆணும் மூன்று பெண்ணும் கொண்டுவந்தார். 1993-ல் அவர் கொல்லப்பட்ட பின், பண்ணையில் அவர் வளர்த்த மற்ற விலங்குகளில் பெரும்பாலானவை வேறு இடங்களுக்குப் போயின. இவற்றை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் வறட்சி வந்தால் கூட்டம் கூட்டமாகச் சாகும். குட்டியைச் சிங்கமும் கழுதைப்புலியும் அடிக்கும். மக்தலேனாக் கரையில் வருஷம் பூராவும் தண்ணீர், புல். 2023-ல் எண்ணிக்கை 160-ஐத் தாண்டிவிட்டது.

கே: புல் தின்கிற பிராணிதானே, மீனுக்கு என்ன கெடுதல்?

ப: வினை தின்பதில் இல்லை, கழிப்பதில். ராத்திரி கரையில் 40 கிலோ வரை மேயும். பகலெல்லாம் தண்ணீரில் கிடந்து அங்கேயே சாணம் போடும். ஓடுகிற ஆறு அதை அடித்துப் போய்விடும், தேங்கிய ஏரி என்ன செய்யும்? தழைச்சத்து ஏறி நீலப்பச்சைப்பாசி படரும். 14 சிறு ஏரிகளை ஒப்பிட்டு 2020-ல் வந்த ஆய்வு, நீர்யானை உள்ள ஏரிகளில் இதைத்தான் கண்டது. அந்தப் பாசி ராத்திரி ஆக்ஸிஜனை உறிஞ்சிவிட்டால் மீன் திணறும்.

கே: வேறு எந்த உயிர்களுக்கு ஆபத்து?

ப: நம் ஆவுளியாவின் உறவான மானட்டி, நீர்நாய், மணல்திட்டில் முட்டையிடும் மக்தலேனா ஆமை. கரையை மிதித்துக் குழைப்பதும் சேர்ந்துகொள்ளும்.

கே: காயடித்துவிட்டால் தீர்ந்ததே?

ப: மாட்டுக்குச் செய்கிற மாதிரி நினைக்காதீர்கள். விதை உடம்புக்குள் இருக்கிறது, அறுக்கும்போதே இடம் மாறும். தோலோ அங்குலக் கணக்கில் தடிப்பு. மயக்க ஊசி பட்டதும் தண்ணீருக்கு ஓடும். அங்கே மயங்கினால் மூழ்கிச் சாகும். அதனால் தீனி காட்டிப் பட்டிக்குள் இழுத்து, கதவடைத்த பிறகே ஊசி. ஒன்றை முடிக்கப் பல மணி நேரம், சுமார் 4 கோடி பெசோ (கொலம்பிய நாணயம்) செலவு. இதைவிடப் பெரிய ஓட்டை கணக்கில்: தப்பிய ஓர் ஆண் போதும், பல பெண்கள் சினையாகும். பெண்களையும் சேர்த்துச் செய்யாத திட்டம் வீண் என்பது என் கருத்து.

கே: சுட்டால் என்ன?

ப: 2009-ல் ‘பெப்பே’ என்ற ஆணைச் சுட்டார்கள். செத்த உடலோடு சிப்பாய்கள் நின்ற படம் வெளியானது. எதிர்ப்பு கிளம்பி வேட்டை நின்றது. 2022-ல்தான் அரசு இதை அயல் ஆக்கிரமிப்பு இனமாக அறிவித்தது. 13 வருஷம், அத்தனையும் ஈற்றுக்காலம்.

கே: குஜராத்துக்கு வருமாமே?

ப: 60-ஐ அனுப்புவதாக 2023-ல் பேச்சு வந்தது. மிச்சம் நிற்பவை ஈனாமல் இருக்குமா?

கே: ஏரியில் பாதிப்பை எப்படி அளப்பது?

ப: ஆக்ஸிஜன் மீட்டரை மத்தியானம் இறக்கினால் ஏமாறுவீர்கள், வெயிலில் பாசியே ஆக்ஸிஜன் விடும். ராத்திரி அதுவே உறிஞ்சும். விடியுமுன் மேலேயும் அடியிலும் அளந்து பாருங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். நீர்யானை இல்லாத பக்கத்து ஏரியிலும் அதே வேளையில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.