பையன் ரூம் மாறும்போதெல்லாம் நகை பேங்க்குக்கு போகுது, என்ன பண்றதுங்க?

கேள்வி: பல்லடம் பக்கத்துல நானும் வீட்டுக்காரரும் ஜாப் ஒர்க்குக்கு 8 தறி ஓட்டறோங்க. பையன் கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் 2 வருசம் முடிச்சுட்டான். மொத வருசம் காலேஜ் ஹாஸ்டல், காஷன் டெபாசிட், சாமான்னு 40,000-க்கு நகை வெச்சேன். ரெண்டாவது வருசம் சாப்பாடு சேரலைனு சரவணம்பட்டில பிஜி, அதுக்கு 35,000. இப்ப பீளமேட்டுல 4 பசங்களா வீடு எடுக்கறாங்களாம், வாடகை 18,000, அட்வான்ஸ் 1 லட்சம். எங்க நங்கையா (வீட்டுக்காரரோட பொறந்தவங்க) பையனும் அதுல ஒருத்தன், அவன் பங்கையும் நீயே போட்டுரு, நோம்பி (பண்டிகை) முடிஞ்சு தர்றேங்கறாங்க. எல்லாஞ்சேத்து 70,000 வேணும். பழைய நகைக்கு வட்டி மட்டும் கட்டிட்டு வர்றேன். ஹாஸ்டல்ல இருந்து 15,000, பிஜில இருந்து 15,000 திரும்பி வந்தது பையன் அக்கவுண்ட்லயே செலவாயிருச்சு. டெபாசிட்டே இல்லாம வீடு தர்ற ஆப் இருக்குனு அவன் சொல்றான். போஸ்ட் ஆபீஸ்ல மாசம் 500 ஆர்டி 4 வருசமா ஓடுது, அதைத் தொடாம வழி சொல்லுங்க.

பதில்: அம்மணி, நீங்க 1 லட்சம் அட்வான்ஸ பாத்து பயந்து எழுதிருக்கீங்க, எனக்கு கண்ணுல குத்துனது போறபோக்குல எழுதுன அந்த 30,000 சமாச்சாரந்தான். ஹாஸ்டல் டெபாசிட்டும் பிஜி அட்வான்ஸும் செலவுக் கணக்குல வராதுங்க, அது இன்னொருத்தர்கிட்ட கெடக்கற உங்க காசு, நகை வெச்சு கட்டுனது திரும்பி வந்தா நேரா நகைக்குத்தான் போகோணும். உங்க வீட்ல ரெண்டு தடவையும் கடன் உங்க பேர்ல நின்னுருச்சு, காசு பையன் கைக்கு போயிருச்சு. அவனை குத்தம் சொல்லலைங்க, அந்த வயசுல அக்கவுண்ட்ல 15,000 விழுந்தா யாரு அம்மாவுக்கு திருப்பி அனுப்பப் போறாங்க, கேக்காம விட்டது நீங்கதான்.

ரூபா வட்டினு வெச்சாலே இப்ப 75,000-க்கு மாசம் 750. அந்த 30,000 நகைக்கு போயிருந்தா அசல் 45,000, வட்டி 450-ல நின்னுருக்கும். இதுக்கு மேல 70,000 வெச்சீங்கன்னா 1,45,000 ஆச்சு, மாசம் 1,450, படிப்பு முடியற ரெண்டு வருசத்துல வட்டி மட்டும் 35,000 கிட்ட போயிரும், அசல்ல ஒத்த ரூபா கொறைஞ்சிருக்காது.

சரி அந்த 70,000-ஐ பிரிச்சுப் பாப்போம். உங்க பையன் பங்கு அட்வான்ஸ் 25,000, நங்கையா பையன் பங்கு இன்னொரு 25,000, மொத மாச வாடகையும் புரோக்கர் கமிஷனும் 9,000 போட்டா மிச்சம் 11,000 கட்டில் மெத்தைனு போகும். இதுல ரெண்டாவது 25,000 உங்க செலவே இல்லையே, அதுக்கு எதுக்குங்க உங்க நகை? நோம்பி முடிஞ்சு தர்றேன்னு சொன்னா எந்த நோம்பினு கேக்க முடியுமா உங்களால? முடியாது, வீட்டுக்காரரோட பொறந்தவங்க, ஒரு வார்த்தை சொன்னா அடுத்த விசேசம் வரைக்கும் பேச்சு ஓடும், அதெல்லாம் எனக்கும் தெரியும். அதனால குடுக்க மாட்டேன்னே சொல்ல வேண்டாம், ஓனரோட ஜிபே நம்பரை அனுப்பி, "அவங்கவங்க பங்கை அவங்கவங்களே போடோணுங்கறார், அக்ரிமென்ட்ல பேர் பேரா எழுதறாராம்"னு சொல்லிருங்க. ஓனர்கிட்டயும் அப்படியே எழுதச் சொல்லுங்க, பொய்யில்லாம போயிரும். காசு போடலைனா அந்த எடத்துக்கு வேற பையன் வருவான், பீளமேட்டுல ரூம் தேடற பசங்களுக்கா பஞ்சம்?

அப்பறம் 18,000 வாடகைக்கு 1 லட்சம்ங்கறது அஞ்சரை மாச வாடகைங்க. 2019 பிப்ரவரில இருந்து தமிழ்நாட்டுல நடைமுறைல இருக்கற வாடகைச் சட்டப்படி, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு வேற மாதிரி எழுதிக்கலைனா 3 மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது, காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள பிடித்தம் போக மீதியை தந்தரோணும். சட்டம் பேசுனா வீடு குடுக்க மாட்டாங்கனு பயம் இருக்கும், சண்டைக்கு போக வேண்டாம், 54,000-னு பேச்சை ஆரம்பிக்க ஒரு புடி கெடைக்குதில்ல. அங்க முடிஞ்சா உங்க பங்கு 13,500. கட்டில் மெத்தை எதுக்கு புதுசா வாங்கறீங்க, மே மாசம் காலி பண்ற கடைசி வருசப் பசங்க கட்டில், கேஸ் அடுப்பு, பக்கெட்டு வரைக்கும் வந்த வெலைக்கு தள்ளிட்டு போவாங்க, குட்டியானை வாடகைல பங்கையும் சேத்து 2,000-க்குள்ள முடியும்.

ஆக 13,500 அப்பறம் 9,000 அப்பறம் 2,000, மொத்தம் 24,500. உங்க ஆர்டில இருக்கறது வட்டியோட 26,000 கிட்ட. அதைத் தொடாதீங்கனு எழுதிட்டீங்க, நான் தொடுங்கனுதான் சொல்வேன். ஆர்டிய முன்கூட்டி மூடுனா சேமிப்புக் கணக்கு வட்டி 4 சதவீதந்தான் தருவாங்க, அதுல 1,000 ரூபா கிட்ட நட்டம் வரும், அதே காசுக்கு நகை வெச்சா வருசத்துக்கு 3,000 கிட்ட வட்டி. சேமிப்புனு ஒரு பக்கம் பத்திரமா வெச்சுட்டு இன்னொரு பக்கம் நகையை வட்டிக்கு விடறது நம்மூர்ல எத்தனையோ வீட்ல நடக்குது.

இனி பழைய 75,000. இப்ப கட்டற 750, ஆர்டிக்கு போன 500, புதுக்கடனுக்கு போக இருந்த 700, பையன் கைச்செலவுல 550 கொறைச்சா மாசம் 2,500 ஆச்சு. அதை அசல்லயும் கழிக்கச் சொல்லி ரசீது வாங்கிக் கட்டிட்டு வந்தா படிப்பு முடியறப்ப 28,000 கிட்ட நிக்கும், வீட்டு அட்வான்ஸ் திரும்பறதையும் அதுல போட்டா பெயின்டிங் காசுனு ஓனர் புடிச்சது போக 16,000, 17,000 கடன்தான் மிஞ்சும்.

அந்த டெபாசிட் இல்லாத ஆப் பத்தி எனக்கு பெருசா பேச ஒண்ணுமில்ல. நீங்க குடுக்காட்டியும் ஓனர் தன் காசை யாருகிட்டயாவது வாங்கிட்டுத்தான் சாவி குடுப்பார், அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கறது கடனா பீஸானு படிக்காம ஓகே அமுக்க வேண்டாம்னு பையன்கிட்ட சொல்லுங்க. கடனா இருந்து ரெண்டு மாசம் தவணை தவறுச்சுன்னா அவன் சிபில்ல (கடனை ஒழுங்கா கட்டறானான்னு பேங்க்காரங்க பாக்கற பதிவு) ஏறும், வேலைக்கு போறதுக்கு முன்னாடியே.

அக்ரிமென்ட் எழுதறப்ப ரெண்டு வரி மட்டும் விடாம சேக்கச் சொல்லுங்க. அட்வான்ஸ் திருப்பறது உங்க பேங்க் அக்கவுண்ட் நம்பருக்கு. காலி பண்ண ஒரு மாச நோட்டீஸ் போதும், லாக்-இன் (இத்தனை மாசம் கட்டாயம் இருந்தே ஆகோணுங்கறது) வேண்டாம். ஏன்னா கடைசி செமஸ்டர்ல இன்டர்ன்ஷிப்னு சென்னைக்கோ பெங்களூருக்கோ போற பசங்க நெறைய, உங்க பையனும் கெளம்பிட்டான்னா பூட்டுன ரூமுக்கு மாசம் 4,500 நீங்க கட்டிட்டு இருக்கோணும்.