அகத்தி – ஹனிமாதூ: தூரம் சரி, விமானம் இல்லை

வள்ளியூர் அண்ணாச்சி, லட்சத்தீவு அகத்தியிலிருந்து மாலத்தீவு ஹனிமாதூவுக்கு '465 கி.மீ., ஒரு மணி நேரம்'னு ஒரு தளத்தில் பார்த்துட்டு, டிக்கெட் ஏன் சிக்கலைன்னு கேட்டிருந்தீங்க.

தூரம் சரிதான். அட்சரேகைக் கணக்கில் தெற்கே 4.08 டிகிரி, டிகிரிக்கு 60 கடல் மைல், ஆக 245. கிழக்கே 59. கர்ணம் போட்டா 252. கடல் மைலுக்கு 1.852 கி.மீ., 465-ஐ ஒட்டி வந்துரும். நேரம்தான் ஏமாத்தும். ஏடிஆர்ங்கிற சின்ன விசிறி விமானம் மணிக்கு 500 கி.மீ.ன்னா பறக்க மட்டும் 56 நிமிஷம்; ஓடுபாதையில் உருள, ஏற, இறங்க இன்னும் 15 சேருங்க.

ஆனா அது கணக்குதான், நேரடி விமானம் கிடையாது. அகத்தி உள்நாட்டு நிலையம், பாஸ்போர்ட் சோதனை அங்கே இல்லை. கொச்சிக்குத் திரும்பி, மாலத்தீவுத் தலைநகர் மாலே போய், அங்கிருந்து உள்நாட்டு விமானம் பிடிக்கலாம்.

தனித்தனி டிக்கெட்னா கொச்சியில் ஒரு ராத்திரி கட்டாயம் விடுங்க. மழைக்காலத்தில் அகத்தி விமானம் ரத்தானா அடுத்த டிக்கெட் பணம் போயிரும். அகத்தியில் இறங்க அனுமதிச் சீட்டு வேணும். அதை வாங்கிட்டு டிக்கெட் போடுங்க. என்னைக் கேட்டா, லட்சத்தீவு, மாலத்தீவு ரெண்டையும் தனித்தனிப் பயணமா வச்சுக்கிடுங்க.