பிளெண்டரில் முடி விக் மாதிரி தெரிகிறதே?

கேள்வி: பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்த முகம் அசலாக வந்திருக்கிறது, முடி மட்டும் தடித்து, விக் மாதிரி தெரிகிறது. சில இழைகள் இடம் மாறியும் முளைக்கின்றன. ஏன்?

பதில்: தடிமன்தான் முதல் குற்றவாளி. மனித முடியின் விட்டம் சுமார் 0.07 மி.மீ. முடியின் தடிமனை அமைக்கும் ‘செட் ஹேர் கர்வ் புரொஃபைல்’ நோடில் (அமைப்புப் பெட்டியில்) ரேடியஸ், அதாவது விட்டத்தில் பாதி, கேட்கும் கட்டத்தில் 0.035 எம்எம் என்றே தட்டலாம். தலை நிஜ அளவில், அதாவது சுமார் 23 செ.மீ. உயரத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். முடி வளர்க்கும் முன்பே கன்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை (அளவு மாற்றத்தை) அப்ளை செய்து நிலைப்படுத்திவிடுங்கள்.

இழைகள் இடம் மாறுவதற்குக் காரணம் யூவி மேப், அதாவது 3டி பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம். முடி தலையோடு ஒட்டுவது அதன் வழியாகத்தான். அதிலுள்ள துண்டுகள் (யூவி தீவுகள்) ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், முடி எங்கே ஒட்டுவது என்பது குழம்பிவிடும். பிரித்து வையுங்கள்.

விக் தோற்றம் போக, நெற்றியோரத்தில் அடர்த்தியைப் படிப்படியாகக் குறையுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். முடியின் நிறத்தை அமைக்கும் பிரின்சிபிள்டு ஹேர் ஷேடரில் மெலனின் (நிறமி) அளவு 1 என்றால் கருப்பு, 0.9 இயல்பாக இருக்கும்.