மேனேஜரையும் ஆபரேட்டரையும் ஒன்றாக விளையாட வைப்பது எப்படி? கப்பலூர் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிறேன். புரொடக்‌ஷன், குவாலிட்டி, டெஸ்பாட்ச், ஆபீஸ் எல்லாம் சேர்த்து ஐம்பது பேருக்குள்தான். டெஸ்பாட்சும் புரொடக்‌ஷனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மேனேஜரைப் பார்த்தாலே ஆபரேட்டர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். "எல்லாரையும் எங்காவது கூட்டிட்டுப் போயி டீம் பில்டிங் கேம்ஸ் வைம்மா" என்கிறார் முதலாளி. போன வருடம் வெளியாள் ஒருவரை வைத்து நடத்தினோம். பாட்டுப் போட்டு ஆடச் சொன்னார், மேனேஜர்கள் ஓரமாக நின்று வீடியோ எடுத்தார்கள், அவ்வளவுதான். இந்த முறை என்ன விளையாட்டு வைக்கலாம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் பக்கம் போகலாமா?

பதில்: முதலில் ஞாயிற்றுக்கிழமையை விடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அதில்தான் ரேஷன், விசேஷம், பிள்ளைகளின் துணிமணி எல்லாம். அதைப் பறித்துக்கொண்டு 'வாங்க ஒற்றுமையா இருப்போம்' என்றால் வருகிறவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவார், வராதவர் பெயரைச் சூப்பர்வைசர் குறித்து வைப்பார், வந்த அன்றே வேலை கெட்டது. வேலை நாளில், சம்பள நேரத்தில் வையுங்கள். மெஷினை நிறுத்தினால் நஷ்டம் என்று முதலாளி சொல்வார், அதற்கும் வழி இருக்கிறது. மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள், அன்றைக்கு எப்படியும் ஜெனரேட்டரில் பாதி மெஷினைத்தான் ஓட்டப் போகிறீர்கள். அந்தக் காலை நேரத்தை வாங்கிவிடுங்கள்.

அழகர்கோவிலும் வேண்டாம் என்பேன். மதுரைக்குத் தெற்கே இருக்கிற நீங்கள் ஊரைத் தாண்டி வடக்கே போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேருக்குப் பசி வந்துவிடும், அப்புறம் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் குரங்குகளோடு மல்லுக்கட்ட வேண்டும். உங்கள் குடோனையே கூட்டிச் சுத்தம் செய்தால் போதும். வெளியில்தான் போக வேண்டும் என்றால் ஆடியிலோ மார்கழியிலோ ஒரு கல்யாண மண்டபம் பாருங்கள், முகூர்த்தம் இல்லாத மாதம், வாடகையைப் பேசிக் குறைக்கலாம், மின்விசிறியும் கழிப்பறையும் சமையல்கட்டும் ஒரே இடத்தில் கிடைக்கும். சித்திரை வெயிலில் மட்டும் திறந்தவெளியில் எதையும் வைக்காதீர்கள்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். விளையாடினாலே ஒற்றுமை வந்துவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். டீம் பில்டிங் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து உளவியலாளர் எட்வர்டோ சாலஸ் குழுவினர் 1999இல் எழுதிய கட்டுரையில், மொத்தமாகப் பார்த்தால் இதனால் வேலைத்திறன் குறிப்பிடும்படி உயரவில்லை, யாருக்கு எது பொறுப்பு என்று தெளிவாக்கிய பயிற்சிகளில்தான் பலன் தெரிந்தது என்றார்கள். 2009இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது என்றாலும், அதிலும் முன்னால் நின்றவை பொறுப்பைத் தெளிவாக்குவதும் இலக்கு வைப்பதும்தான். ஆகவே உங்கள் கம்பெனியில் தினமும் நடக்கிற சிக்கலுக்கு ஏதோ ஒரு விதத்தில் முகஜாடை உள்ள விளையாட்டாகப் பாருங்கள். அதில் மேனேஜர் எல்லார் முன்னாலும் தோற்கிற வாய்ப்பும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத விளையாட்டு வெறும் பிக்னிக். பிக்னிக் தப்பில்லை, ஆனால் அதற்கு டீம் பில்டிங் என்று பில் போட வேண்டாம்.

உங்கள் கம்பெனிக்கு என்றே சொல்வதானால் முதலில் நான் வைப்பது சிவப்பு மணி விளையாட்டு. தரக் கட்டுப்பாட்டில் பெரிய பெயரான எட்வர்ட்ஸ் டெமிங் தன் வகுப்புகளில் நடத்திக் காட்டியது. ஒரு டப்பாவில் வெள்ளை மணிகளும் சிவப்பு மணிகளும் கலந்திருக்கும், ஐந்தில் ஒன்று சிவப்பு. 50 குழி உள்ள ஒரு பலகையை உள்ளே விட்டு எடுத்தால் 50 மணி ஏறும். வெள்ளை நல்ல பீஸ், சிவப்பு ரிஜெக்‌ஷன். ஒவ்வொரு 'தொழிலாளியும்' முறை வைத்து எடுப்பார், இரண்டு பேர் சிவப்பை எண்ணுவார்கள், ஒருவர் சார்ட்டில் எழுதுவார், ஃபோர்மேன் வேடத்தில் ஒருவர் கூடவே நின்று சிவப்பு குறைந்தவரைப் பாராட்டி, கூடியவரைத் திட்டி, 'அவரைப் பார்த்துக் கத்துக்குங்க' என்று உபதேசமும் செய்வார். கணக்குப்படி சராசரியாக 10 சிவப்பு வரும், ஒருவருக்கு 6 வரும், அடுத்தவருக்கு 14 வரும், அடுத்த சுற்றில் தலைகீழாகும். யார் எவ்வளவு கவனமாக எடுத்தாலும் ஒன்றும் மாறாது, ஏனென்றால் சிவப்பு டப்பாவிலேயே இருக்கிறது.

இதில் தொழிலாளி வேடத்தை மேனேஜர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் கொடுங்கள். எண்ணுகிற வேலை ஆபரேட்டர்களுக்கு. ஃபோர்மேனாக மட்டும் நீங்களே நில்லுங்கள், அந்த வேடத்தை ஆபரேட்டரிடம் கொடுத்தால் மறுநாள் அவர் அதே மேனேஜரிடம்தான் கையெழுத்து வாங்கப் போக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். மூன்று சுற்று முடிவதற்குள் ஏதாவது ஒரு மேனேஜர் 'நான் என்னங்க செய்ய முடியும், டப்பாவுல இருக்குறதுதானே வருது' என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். அங்கேயே நிறுத்தி, நம்ம பிரஸ்ஸில் வருகிற ரிஜெக்‌ஷனில் எது ஆபரேட்டர் கையில் இருக்கிறது, எது காம்பவுண்டில், அதாவது ரப்பர் கலவையில் வருகிறது, எது மோல்டு தேய்ந்ததால் வருகிறது என்று கேளுங்கள், அப்புறம் பேச்சை நீங்கள் நிறுத்தத்தான் சிரமப்படுவீர்கள். செலவு என்று பார்த்தால் மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றியுள்ள கடைகளில் ஒரே அளவில் இரண்டு நிறப் பாசிமணி வாங்குவதுதான், குழிப் பலகையை உங்கள் டூல் ரூமிலேயே போட்டுவிடலாம்.

டெஸ்பாட்சுக்கும் புரொடக்‌ஷனுக்கும் இருக்கிற உரசலுக்கு ஆடுபுலி ஆட்டம். சிரிக்காதீர்கள். பழைய மண்டபங்களின் கல்தரையில் அந்தக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள்: 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடு எதையும் வெட்ட முடியாது, சேர்ந்து நின்று புலியை நகரவிடாமல் அடைத்தால்தான் ஜெயிக்கும். ஒரு கட்டத்துக்கு எட்டுப் பேர், மூவர் ஆளுக்கொரு புலி, ஐவர் ஆளுக்கு மூன்று ஆடு. ஆடுகளுக்கு ஐந்து நிறம் கொடுத்துவிடுங்கள், தன் நிறத்தைத் தான் மட்டுமே நகர்த்தலாம். ஆட்டுக் கூட்டத்தில் மேனேஜர் ஒருவர், டெஸ்பாட்ச் ஆள் ஒருவர், புரொடக்‌ஷன் ஆள் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். முதல் ஆட்டத்தில் யாரும் பேசக் கூடாது, இரண்டாவதில் பேசலாம். பேசாத ஆட்டத்தில் ஆளாளுக்குத் தன் மூன்று ஆட்டை மூலையில் பதுக்கப் பார்ப்பார்கள், புலிக்கு விருந்துதான். இரண்டாவது ஆட்டத்தில் 'உன் ஆட்டைக் கொஞ்சம் முன்னால வை, நான் பின்னால அடைச்சுக்கிறேன்' என்று டெஸ்பாட்ச் ஆள் புரொடக்‌ஷன் ஆளிடம் சொல்லியே தீர வேண்டும். மேனேஜர் உத்தரவு போட ஆரம்பித்தால் அடுத்த ஒரு முறை அவர் வாயைத் திறக்கக் கூடாது என்று விதி வையுங்கள். முறை தெரியாத இளவட்டங்களுக்கு வயதில் மூத்த ஆபரேட்டர்கள் சொல்லிக் கொடுப்பார்கள், அதுவே தனி லாபம்.

இளைஞர்கள் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு மார்ஷ்மெல்லோ கோபுரம் கேட்பார்கள், வைக்கலாம். வேகவைக்காத 20 ஸ்பகெட்டி குச்சி, ஒரு கெஜம் டேப், ஒரு கெஜம் நூல், உச்சியில் மார்ஷ்மெல்லோ என்கிற மெத்தென்ற மிட்டாய் ஒன்று, நால்வர் குழு, 18 நிமிடத்தில் யார் உயரமாகக் கட்டுகிறார்கள் என்று பார்ப்பது. பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கியது, டாம் வுஜெக் என்பவர் அதைப் பல ஊர்களில் நடத்தி 2010இல் டெட் (TED) மேடையில் பேசிய பிறகு உலகமெல்லாம் பரவியது. மேலாண்மை படித்தவர்களைவிடப் பாலர் பள்ளிப் பிள்ளைகள் நன்றாகக் கட்டினார்கள் என்பது அவர் சொன்னது, காரணம் பிள்ளைகள் மிட்டாயை ஆரம்பத்திலேயே மேலே வைத்து வைத்துப் பார்க்கிறார்கள், பெரியவர்கள் கடைசி நிமிடத்தில் வைக்கிறார்கள், கோபுரம் குப்புற விழுகிறது. ஸ்பகெட்டிக்குப் பதில் விளக்குமாற்றுக் குச்சி போதுமே என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், அது வளையும், உடையாது, விளையாட்டின் உயிரே போய்விடும்.

வைக்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். டிபார்ட்மென்ட் வாரியாகப் பிரித்துக் கயிறு இழுக்க விடாதீர்கள். 1954இல் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் ஒரு முகாமில் சிறுவர்களை இரண்டு அணியாக்கிப் போட்டி வைத்தார். கயிறு இழுத்தார்கள், பந்து விளையாடினார்கள், முடிவில் கொடியைக் கொளுத்துகிற அளவுக்குப் பகை. சேர்ந்து படம் பார்ப்பது, சேர்ந்து சாப்பிடுவது எதுவும் அதைக் குறைக்கவில்லை, சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் எறிந்ததுதான் மிச்சம். தண்ணீர்க் குழாய் நின்று போனது, சாப்பாட்டு லாரி ஸ்டார்ட் ஆகவில்லை என்று இரண்டு அணியும் சேர்ந்தால்தான் ஆகும் என்கிற வேலைகள் வந்த பிறகே பகை தணிந்தது. அந்த லாரியை இழுத்தது முன்பு போட்டிக்கு வைத்த அதே கயிற்றால்தான். உங்களிடம் ஏற்கெனவே டெஸ்பாட்ச், புரொடக்‌ஷன் என்று இரண்டு அணி இருக்கிறது, இன்னொரு சண்டையை நீங்கள் ஸ்பான்சர் செய்ய வேண்டாம். குழுவைச் சீட்டுப் போட்டுப் பிரியுங்கள், அவர்களாகச் சேரச் சொன்னால் ஊர்க்காரர் ஊர்க்காரரோடுதான் நிற்பார்.

'ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வோம்' என்று தொடங்கி, சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று கேட்கிற ஐஸ் பிரேக்கரும் வேண்டவே வேண்டாம். நம் பக்கத்தில் அந்தக் கேள்வி எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது என்று உங்களுக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்ல முடியாமல் தலை குனிகிறவருக்கு நன்றாகவே தெரியும். 'இன்னும் கல்யாணம் ஆகலையா', 'குழந்தைகள் எத்தனை' ரகமும் அப்படியே. வேலையில் கற்றுக்கொண்ட ஒரு கைப்பழக்கம் என்ன என்று கேளுங்கள், போதும். கை கோத்து முடிச்சு அவிழ்க்கிறது, முதுகில் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, சாக்கு ஓட்டம் மூன்றையும் தள்ளுங்கள். புடவை கட்டிய அக்காக்களும் மூட்டு வலிக்காரர்களும் பார்வையாளர்களாகிவிடுவார்கள். இன்னொன்று, கம்பெனி வேனில் போகிற பயணமும் போய்ச் சேர்கிற இடமும் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இன்படி பணியிடம்தான். ஆகவே புகார்க் குழு உறுப்பினர் ஒருவர் கூட வரட்டும், மது வாசனையே கூடாது.

சாப்பாடு ஒரே பந்தி. மேனேஜருக்குத் தனி மேசை போட்டால் காலையில் விளையாடியது எல்லாம் மதியம் காலி. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் இருப்பார்கள், புரட்டாசியில் பலர் கறி தொட மாட்டார்கள், தேதி குறிக்கும்போதே பாருங்கள்.

ஒவ்வொரு விளையாட்டு முடிந்ததும் இருபது நிமிடம் பேச ஒதுக்குங்கள், இதைச் சுருக்கினால் மற்றதெல்லாம் வீண். வட்டமாக உட்கார்ந்து, என்ன நடந்தது, இதே மாதிரி நம் கம்பெனியில் எங்கே நடக்கிறது, எதை மாற்றலாம் என்று கேளுங்கள். ஆபரேட்டர்கள் முதலில், மேனேஜர்கள் கடைசியில். யாராவது 'லோடு ஏத்துற அன்னைக்கு மத்தியானம்தான் லிஸ்ட் வருது' என்றால் மேனேஜர் உடனே விளக்கம் சொல்லக் கூடாது, நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மதியத்துக்கு மேல் விளையாட்டு வேண்டாம், சார்ட் பேப்பர் ஒட்டி, டெஸ்பாட்சிடமிருந்து எங்களுக்கு என்ன எப்போது வேண்டும் என்று புரொடக்‌ஷனும், பதிலுக்கு அவர்களும் எழுதட்டும். அதில் ஒத்துக்கொண்ட இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் பெயரும் தேதியும் போட்டு டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒட்டுங்கள், அடுத்த மாதம் அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் போய் நில்லுங்கள்.

போனஸ் பாக்கி, சம்பள உயர்வு, ஓ.டி. கணக்கு என்று ஏதாவது தொங்கிக்கொண்டிருந்தால் அதை முடித்துவிட்டு விளையாட்டுக்குத் தேதி குறியுங்கள். 'ஆடறதுக்குக் காசு இருக்கு, குடுக்குறதுக்கு இல்லையா' என்று ஒருவர் கேட்டுவிட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது.

முதலாளி 'நான் எதுக்கும்மா, நீங்க விளையாடுங்க' என்பார். விட்டுவிடாதீர்கள். சிவப்பு மணி விளையாட்டில் முதல் பெயர் அவருடையதாக இருக்கட்டும். கண்டிப்பாக வர முடியாது என்றால் அன்றைக்கு அந்தப் பக்கமே வராமல் இருப்பது நல்லது, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் கூடாது. போனில் வீடியோ எடுக்க வருகிறவர்களுக்கும் அதே சட்டம்தான், வாசலில் ஒரு கூடை வைத்து எல்லார் போனையும் வாங்கிப் போடுங்கள், மேனேஜர்களுடையதை முதலில்.