3 மீட்டர் படகுக்கு டிரெய்லரை நாமே செய்யலாமா? எங்கே தவறும்?

கேள்வி இது: படகு 3 மீட்டர் நீளம், 80 கிலோ. விற்பனைக்கு வரும் டிரெய்லர்கள் எல்லாம் இதற்குப் பெரிசு. வெல்டிங் தெரியும் என்றால் சொந்தமாகச் செய்துகொள்ளலாமா?

தாராளமாகச் செய்யலாம். சிறு படகு விஷயத்தில் பலர் சறுக்குவது பலம் குறைந்ததால் அல்ல, கூடிப்போனதால். 500 கிலோ தாங்கும் ஆக்ஸிலில் 80 கிலோ படகை ஏற்றினால் ஸ்பிரிங் பட்டா அசையாது. ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராகப் படகின் வயிற்றில்தான் இறங்கும். ஃபைபர் படகானால், தாங்குகட்டை (டிரெய்லரில் படகு உட்காரும் மரக்கட்டை) படும் இடத்தில் மயிரிழை மாதிரி விரிசல் ஓடும்.

அதனால் முதலில் கூட்டல் கணக்கு. படகு 80, என்ஜின் 15, சாமான்கள் 15, டிரெய்லர் 90, ஆக மொத்தம் 200 கிலோ. 300 கிலோவுக்கு மேல் தாங்கும் ஆக்ஸில் வேண்டவே வேண்டாம். கிடைத்தது கனமான பட்டாக் கட்டு என்றால் இடையில் உள்ள பட்டாக்களை ஒன்றிரண்டு கழற்றிவிடலாம். கண் உள்ள முதன்மைப் பட்டாவைத் தொடக்கூடாது. ரப்பர் முறுக்கு ஆக்ஸிலில் (பட்டாவுக்குப் பதில் உள்ளே ரப்பர் இருப்பது) இப்படிக் கழற்ற ஒன்றும் இல்லை, வாங்கும்போதே எடை பொருந்த வேண்டும். டயரில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்தம் முழுச் சுமைக்கானது. குறைந்த சுமைக்கு எவ்வளவு என்பதை டயர் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்து வையுங்கள்.

அடுத்தது ஆக்ஸில் எங்கே உட்கார வேண்டும் என்பது. இதுதான் உயிர்நாடி. ஹிட்ச் பந்தின்மேல் (காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் உருண்டை) இறங்கும் எடை மொத்தத்தில் 7 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். பிரேக் அடித்தால் ஆட்டம் கூடும். பந்திலிருந்து ஆக்ஸில் 3 மீட்டர் தள்ளி இருந்தால், மொத்த எடையின் மையம் ஆக்ஸிலுக்கு 24 செ.மீ. முன்னால் வர வேண்டும். 200 × 0.24 ÷ 3 = 16 கிலோ, அதாவது 8 சதவீதம். இது என்ஜினைக் கழற்றி ஆக்ஸிலுக்கு நேர் மேலே படுக்க வைத்தபோது. அதே 15 கிலோ என்ஜினை அமரத்தில் (படகின் பின்முனை), ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் தொங்கவிட்டால் பந்தின்மேல் 6 கிலோ குறைந்துவிடும். மீதி 10 கிலோ, வெறும் 5 சதவீதம். என்ஜினைக் கழற்றாமல்தான் போவீர்கள் என்றால் அதை மாட்டியே எடை பாருங்கள்.

படகின் மையத்தைக் கண்டுபிடிக்க ஒரு உருண்டைக் குழாய் போதும். படகை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினால், சாயாமல் நிற்கும் இடம்தான் மையம். ஆக்ஸிலை வெல்டிங் செய்து ஒட்டிவிடாதீர்கள், யூ போல்ட்டில் பிடியுங்கள். படகை ஏற்றி, டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, கப்ளருக்கு (பந்தைக் கவ்வும் முன்முனைப் பூட்டு) அடியில் குளியலறை எடைமானியை வைத்துப் பாருங்கள். ஆக்ஸிலை ஒரு செ.மீ. பின்னால் தள்ளினால் சுமார் அரைக் கிலோ கூடும். சரியானதும், கப்ளரின் நடுவிலிருந்து ஆக்ஸிலின் இரு முனைக்கும் டேப் பிடியுங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இல்லையென்றால் டிரெய்லர் நண்டு மாதிரி பக்கவாட்டில் இழுக்கும், டயரும் தேயும்.

சட்டத்துக்கு 50 × 50 × 3 மி.மீ. சதுரக் குழாயில் நடுத்தண்டு, 40 × 40 × 3-ல் குறுக்குத் தண்டுகள் என்பது இந்த எடைக்குத் தாராளம். நடுத்தண்டின் அடிப்பக்கம்தான் இழுவிசையைத் தாங்குவது. அங்கே குறுக்காக வெல்டிங் போட்டால் விரிசல் அந்த வரியில்தான் பிறக்கும். துளை போட்டே தீர வேண்டுமானால் பக்கச் சுவரில், உயரத்தின் நடுவில் போடுங்கள்.

கால்வனைசிங் (துத்தநாகப் பூச்சு) கொடுப்பதாக இருந்தால் எல்லா வெல்டிங்கும் துளைகளும் முடிந்த பிறகே கொடுங்கள். மூடிய குழாயில் காற்றுத் துளை இல்லாவிட்டால் சுமார் 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் உள்ளே உள்ள காற்றும் ஈரமும் விரிந்து குழாய் வெடிக்கலாம். ஒவ்வொரு குழாயின் இரு முனையிலும் 12 மி.மீ. துளையாவது வேண்டும், பின்னால் உப்புத் தண்ணீர் வடியவும் அதே துளைதான் உதவும். ஏற்கெனவே கால்வனைஸ் செய்த குழாயை வெல்டிங் செய்யும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வரும். துத்தநாகத்தை உரசி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

தாங்குகட்டைகளுக்கு 50 × 100 மி.மீ. மரமும் மேலே கார்பெட்டும் போதும். கட்டை அமரத்தின் கடைசி விளிம்புவரை வர வேண்டும், 20 செ.மீ. முன்னாலேயே நின்றுவிட்டால், என்ஜின் பாரத்தில் அடிப்பகுதி நாளடைவில் வளைந்துபோகும். போல்ட் தலையை மரத்துக்குள் 10 மி.மீ.யாவது இறக்குங்கள். இன்று கார்பெட் மூடியிருக்கும், ஒரு பருவம் கழித்து அது நசுங்கி, தலை படகைச் சுரண்டும். அலுமினியப் படகு என்றால் செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரம் ஆகாது, ஈரத்தில் அலுமினியத்தை அரித்துவிடும்.

இவ்வளவு சிறிய படகுக்கு டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கவே தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டு பேர் தூக்கிவிடலாம், அல்லது கைத்தள்ளு வண்டி ஒன்று செய்துகொள்ளலாம். காரணம் சக்கரம்தான். 8 அங்குல ரிம்மில் டயரோடு சேர்ந்த விட்டம் 42 செ.மீ. அளவில் இருக்கும். 80 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றைத் தாண்டும், ஹப் (பேரிங் இருக்கும் சக்கர நடுக்கூடு) சூடேறும். சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அங்கிருந்து பேரிங் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் ஹப் ஆறட்டும், கடல் உபயோக கிரீஸ் போடுங்கள்.

விளக்குக்கு எர்த்தை ஹிட்ச் பந்து வழியாக விடாமல் தனி வயர் இழுங்கள். இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைத் தண்டின் அடியில் குறுக்காக மாட்டுங்கள். வின்ச் பட்டை படகை ஏற்றத்தான். கட்டுவதற்கு அமரத்தில் இரண்டு பட்டை, அணியத்தில் (முன்முனை) ஒன்று தனியாக வேண்டும். பதிவு, அகலம், பிரேக் பற்றிய உள்ளூர் விதிகளை இரும்பு வெட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

முதல் ஓட்டத்தில் 10 கி.மீ. போனதும் நிறுத்தி ஹப்பைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் நட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி, நட்டு கழலாமல் பூட்ட புதிய ஸ்பிளிட் பின் போடுங்கள். யூ போல்ட்டுகளை 50 கி.மீ.யில் இன்னொரு முறை இறுக்க வேண்டியிருக்கும்.