தூர்வாரினால் மட்டும் போதுமா? நீர்வடிப்பகுதி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஊருக்குக் கீழே ஓடையில் கட்டிய தடுப்பணை இரண்டே மழைக்காலத்தில் வண்டல் மூடிப் போனது. தூர்வாரினால் சரியாகிவிடுமா?

பதில்: தூர்வாரலாம், ஆனால் அடுத்த பெருமழை மறுபடி மூடிவிடும். மண் வருவது மேலே உள்ள மொட்டைச் சரிவிலிருந்து, அதாவது ஓடைக்கு மழைநீர் வடிந்து வரும் நீர்வடிப்பகுதியிலிருந்து. அதனால் வேலையை முகட்டில் தொடங்கி, படிப்படியாக ஓடைக்கு இறங்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் இதற்குச் சம்மதம் வாங்குவது லேசல்ல. அணை எல்லோர் கண்ணுக்கும் தெரியும், மழைநீரைப் பிடிக்க மேட்டில் வெட்டும் குழி தெரியாது. கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. மழை பெய்தால் 500 கன மீட்டர் நீர். அதில் 30 சதவீதம் வழிந்தோடுவதாகக் கொண்டால் 150 கன மீட்டர். 4 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழமுள்ள குழியில் 1 கன மீட்டர் நிற்கும். ஓடுகிற நீரில் பாதியைப் பிடிக்கவே ஹெக்டேருக்கு 75 குழி வேண்டும்.

மேல் வரிசையில் இரண்டு குழிகளுக்கு நடுவே விட்ட இடத்துக்கு நேர் கீழே அடுத்த வரிசைக் குழி வர வேண்டும். வெட்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கமாக, விளிம்பிலிருந்து 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் போடுங்கள். ஒட்டிப் போட்டால் முதல் மழையிலேயே குழிக்குள் சரிந்துவிடும். 100 மீட்டர் தூரத்துக்கு 25 மீட்டருக்கு மேல் ஏறும் சரிவில் தோண்டவே வேண்டாம். அங்கே புல்லும் புதரும்தான் மண்ணைப் பிடிக்கும்.

கேள்வி: குழி வரிசைக்குச் சம உயரக் கோடு, அதாவது சரிவில் ஒரே உயரத்தில் போகும் கோடு, போட அளவைக் கருவி இல்லையே?

பதில்: மூன்று கம்பும் ஒரு கயிறும் போதும். 2 மீட்டர் நீளக் கம்புகள் இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவே குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்க விட்டால் தூக்குக்குண்டு தயார். இரண்டு முளை அடித்து, அவற்றின் மேல் கால்களை வைத்து, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு கிழியுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி, அதே முளைகளில் வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம்; கயிறு அங்கே நின்றால் இரு கால்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. இதைச் செய்யாமல் கோடு போட்டவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோடு சாய்ந்திருந்தால் நீர் ஒரு முனையில் திரண்டு வரப்பை உடைக்கும். அந்த வேகம் கீழ் வரிசைகளையும் அடித்துக்கொண்டு போகும்.

காலைக் கல்லின் மேலோ பள்ளத்திலோ ஊன்றாதீர்கள். காற்றடித்தால் கனமான கல்லைக் கட்டுங்கள்.

கேள்வி: நீர் அரித்த பள்ளத்தில் போட்ட கல் தடுப்புகள் ஒரே மழையில் போய்விட்டனவே?

பதில்: பெரும்பாலும் நடு மேடாகவும் ஓரம் தாழ்வாகவும் அடுக்கியிருப்பார்கள். அப்போது நீர் ஓரமாய்ப் புகுந்து கரையை அரித்துவிடும். நடுப்பகுதியைக் கலிங்கு (ஏரியில் மிகுதி நீர் வழியும் இடம்) போலத் தாழ்த்தி, இரு ஓரங்களையும் கரைக்குள் அரை மீட்டராவது செருகிக் கட்டுங்கள். நீர் விழும் இடத்தில் கல் பாவாவிட்டால் அடியில் குடைந்துகொள்ளும். கீழ்த் தடுப்பின் கலிங்கு மட்டமும் மேல் தடுப்பின் அடிமட்டமும் ஒன்றாக இருக்கட்டும்: பள்ளத்தின் சரிவு 10 சதவீதம், கலிங்கின் உயரம் 1 மீட்டர் என்றால் இடைவெளி 10 மீட்டர். இன்னொன்று, பள்ளத்தின் கரையில் பதிந்திருக்கும் கல்லைப் பெயர்த்து எடுக்காதீர்கள். அந்த இடம்தான் அடுத்த அரிப்பின் வாய்.

கேள்வி: மேட்டில் மேய்ச்சலை நிறுத்தச் சொன்னால் ஆடு வைத்திருப்பவர்கள் எதிர்க்கிறார்கள். அபராதம் போடலாமா?

பதில்: அவர்கள் எதிர்ப்பது நியாயம். நிலமுள்ளவர் கிணற்றில் நீர் ஏறும்; நிலமில்லாதவருக்கு மேய்ச்சல் போகும். இந்தக் கணக்கை நேர்செய்யாமல் அபராதம் போட்டால் இரவில் மேய்ப்பார்கள், அவ்வளவுதான். சண்டிகரின் சுக்னா ஏரி மண் மூடியபோது, அந்த மண்ணில் பெரும்பங்கு சுகோமஜ்ரி கிராமத்துச் சரிவுகளிலிருந்து வருவது தெரிந்தது. 1970களில் அங்கே சிறு மண் அணைகள் கட்டி, நிலமில்லாத குடும்பம் உட்பட எல்லாக் குடும்பங்களுக்கும் நீரில் சம பங்கு கொடுத்தார்கள். பங்கை விற்கவும் முடிந்தது. அதன்பின் குன்றை ஊரே காத்தது.

நீங்களும் நிலக் கணக்கில் அல்லாமல் குடும்பக் கணக்கில் பட்டியல் எழுதுங்கள். மேய்ச்சல் நிலம் முழுவதையும் ஒரே சமயத்தில் மூடாமல், மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூடுங்கள். மூடிய இடத்தில் புல்லை அறுத்துக்கொண்டு போக, முதல் உரிமை அங்கே ஆடு மேய்த்தவர்களுக்கே இருக்கட்டும். விறகும் புல்லும் தலையில் சுமக்கும் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வையுங்கள். எந்தச் சரிவில் எது முளைக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: கிணற்றில் நீர் ஏறியதும் ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: விதியை நீர் ஏறும் முன்பே எழுதிவிட வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜாரில் பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று ஊரே முடிவெடுத்தது. ஆண்டுதோறும் மழையை அளந்து, குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கியது போக மிஞ்சுவதற்கு ஏற்பப் பயிரைத் தீர்மானிக்கிறார்கள். நீங்கள் தொடங்க ஒரு மழைமானியும், குறியிட்ட நாலைந்து கிணறுகளும் போதும். மாதம் ஒரு முறை, ஒரே தேதியில், மோட்டார் போடுவதற்கு முன் காலையில் நீர்மட்டத்தை அளந்து பொதுச் சுவரில் எழுதி வையுங்கள்.